‘வா’வை ஏலத்தில் எடுத்த தங்கபுஷ்பம்

திசையன்விளைச் சந்தையில் முருங்கைக்காய் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், ஏலக்காரர் ஞானதிரவியம் தொண்டை கிழியக் கூவிக் காயை விற்றுக்கொண்டிருந்த அதே நேரத்தில், இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டுச் சமையலறையில் அவருடைய மனைவி தங்கபுஷ்பம் ஒரு சத்தமும் இல்லாமல் உலகத்தோடு போட்டி போட்டு ‘வா’ என்ற சொல்லை ஏலத்தில் எடுத்தாள்.

சொல்லை என்றால், இணையத்தில் அந்தச் சொல்லுக்கு உள்ள முகவரியை. ஆங்கிலத்தில் வி, ஏ, ஏ என்று மூன்றே எழுத்து. புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. இப்படிக் குட்டிக் குட்டிப் பெயர்களையெல்லாம் யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்துக்கொண்டாயிற்று. எவனாவது சந்தாவைப் புதுப்பிக்க மறந்தால்தான் ஒன்று கைநழுவி ஏலத்துக்கு வரும். வந்தால் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ முகம் தெரியாத ஆட்கள் புனைபெயர்களில் வந்து குவிவார்கள். ஒரு காலத்தில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள் தங்கபுஷ்பம். ஊரில் எல்லார் கையிலும் போன் வந்து, சென்டரில் ஈ பறக்க ஆரம்பித்ததும், ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்குத் தூக்கிவந்து கிரைண்டருக்குப் பக்கத்தில் வைத்து, இந்தத் தொழிலைத் தானே கற்றுக்கொண்டாள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எடுத்துப் போடுவாள். ஓட்டல்காரனோ துணிக்கடைக்காரனோ தேடி வந்தால் கொடுப்பாள். ஞானதிரவியத்துக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

"காய்னா கையில எடுத்து முறிச்சுப் பாக்கலாம். நீ வாங்குறத எங்க போயி முறிச்சுப் பாக்க?" என்பார்.

அன்றைக்கு ‘வா’வுக்குப் போட்டி கடுமையாக இருந்தது. கடைசி நிமிடத்தில் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் மறுபடி கொஞ்ச நேரம் தள்ளிப் போகும், அவ்வளவுதான் விதி. அதனால் முடிய வேண்டிய ஏலம் முடியாமல் நீண்டு, சாம்பார் கொதித்து, வற்றி, அடிப்பிடிக்கும் வரை போயிற்று. எதிராளிகள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொள்ள, கடைசியில் எஞ்சியவனும் ஏனோ விலையை ஏற்றாமல் விட்டுவிட்டான். பெயர் அவளுக்கு விழுந்தது. உரிமையாளர் பெயர், வீட்டு முகவரி என்று திரை கேட்டது. தன் பெயரையும் கதவிலக்கத்தையும் தெருவையும் ஊரையும் தட்டிவிட்டு, கருகின சாம்பாரைக் கவனிக்க எழுந்துபோனாள்.

மறுநாள் காலையில் வாசலில் டி.வி. மெக்கானிக் நின்றான்.

"கூப்பிட்டிருந்தீங்கல்லா, கொஞ்சம் தாமதமாயிட்டு" என்றான். அவள் அவனைக் கூப்பிட்டது மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். அந்த டி.வி. பழைய இரும்புக்காரனிடம் போய், அந்த இரும்புக்காரனும் செத்துப்போயிருந்தான். வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்ப மனமில்லாமல் காப்பி கொடுத்தாள். அவனும் வந்ததற்கு ஏதாவது செய்யாமல் போக மனமில்லாமல் மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போனான்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். திசையன்விளையில் எந்தக் காலத்திலாவது யாராவது ‘வா’ என்று கூப்பிட்டு, சரி என்றோ பார்க்கலாம் என்றோ சொல்லிவிட்டு வராமல் போனவர்கள் எல்லாரும், செம்மண் புழுதி படிந்த காலோடு தங்கபுஷ்பம் வீட்டுப் பச்சைக் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள், எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், கொஞ்சம் தாமதமாயிட்டு என்று. நிலத் தகராறுக்கு அளக்கக் கூப்பிட்ட சர்வேயர் சங்கிலியோடு வந்தார். தகராறு செய்த இரண்டு வீட்டுக்காரர்களும் இதற்குள் சம்பந்திகள் ஆகியிருந்தார்கள். நூலகம் திறந்துவைக்க அழைக்கப்பட்டு வராமல் போன ஒரு பழைய பிரமுகர் வந்தார். நூலகம் இருந்த இடத்தில் இப்போது ஆட்டுக்கறிக் கடை இருந்ததால் அதற்கே ஒரு ரிப்பன் கட்டி வெட்டச் சொன்னார்கள், அவரும் நல்லதாய் நாலு வார்த்தை பேசி வெட்டினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டியும் நிற்காமல் போன உவரிப் பேருந்து ஒன்று தெருவுக்குள் நுழைந்து நின்று, கண்டக்டர் இறங்கி ஏறுங்க ஏறுங்க என்று கூவ, அன்றைக்குக் கைகாட்டிய பெண்கள் இன்றைக்கு இடுப்பில் பிள்ளையோடும் கையில் கரண்டியோடும் ஓடிவந்து ஏறி, கடல்வரை ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். மழையைக் கூப்பிடாதவர்கள் அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரில் யார் இருக்கிறார்கள்? மழையும் வந்தது. ஆனால் முகவரிப்படி தங்கபுஷ்பத்தின் வாசலில் மட்டும் பெய்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருமுனையில் ஒரு டீக்கடை புதிதாய் முளைத்தது. பேருந்து நிலையத்திலிருந்து பச்சைக் கதவுக்கு ஆட்டோக்காரர்கள் ஒரே வாடகை என்று பேசி வைத்துக்கொண்டார்கள். பஞ்சாயத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியும் நாலு பெஞ்சும் போட்டார்கள். வந்தவரிடம் கூப்பிட்டது யார் என்று கேட்டு அந்த வீட்டுக்கு ஆள் அனுப்பும் வேலையை ஜாய்ஸ் டீச்சர் தானாகவே எடுத்துக்கொண்டார். ஓய்வு பெற்றவர், கல்யாணம் ஆகாதவர், எதிர்வீட்டில் தனியாக இருந்தவர். ஒருநாள் காலை அவரையே தேடி ஒரு வேன் வந்தது. இளவயதில் அவரைப் பெண்பார்த்துவிட்டு, போய்த் தகவல் சொல்கிறோம் என்று போனவர்கள், பழத்தட்டும் பூவுமாக இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு முழு வழுக்கை. டீச்சர் அவர்களை உட்காரவைத்து, கேசரி கிண்டி, காப்பி போட்டு, தானே தட்டில் எடுத்துவந்து எல்லாருக்கும் கொடுத்து, மாப்பிள்ளையை நன்றாக ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போய்த் தகவல் சொல்லுதேன்" என்றார். அன்றைக்கு முழுவதும் தெருவில் நடந்துகொண்டே இருந்தார், சும்மாவே சிரித்துக்கொண்டு.

எல்லா வரவும் இப்படி இருக்கவில்லை. காய்க்கடை ராஜமணி, பம்பாய்க்குப் போன அண்ணனை ஒரு பொங்கலுக்கு வா என்று எழுதிக் கூப்பிட்டு, அவர் வராததால் ரோஷப்பட்டுப் பேச்சை விட்டவர். அந்த அண்ணன் வந்தார். காலில் செருப்பில்லை. தம்பி கட்டிப்பிடித்து அழுதபோது அவரும் அழுதார்; ஆனால் அழுதுகொண்டே தன் பாதங்களை, அவை யாருடையவை என்பதுபோல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பம் அதைக் கவனித்தாள். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

கில்டா என்றொருத்தி உவரியிலிருந்து தினமும் வந்தாள். அவள் புருஷன் ரோமால்டு கடலுக்குப் போய்த் திரும்பாதவன். கரையில் நின்று வா வா என்று அவள் கூப்பிட்டது அத்தனை பேருக்கும் தெரியும். காலை வண்டியில் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள், முருங்கைக்கீரை உருவிக் கொடுப்பாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் மோந்து கொடுப்பாள், சாயந்திர வண்டியில் போவாள். செத்தவர்கள் யாரும் இதுவரை அந்த வாசலுக்கு வரவில்லை என்பதை ஊரே அறிந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லை.

ஞானதிரவியமும் இப்போதெல்லாம் சந்தை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தார். தோளில் துண்டோடு, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று சும்மா பார்ப்பவரைப்போல் வரிசையை ஒருமுறை தலையிலிருந்து வால்வரை பார்ப்பார். இளம்பெண் யாராவது முதுகு காட்டி நின்றால் அவர் நடை ஒரு கணம் நின்று, பிறகு நகரும். உள்ளே வந்து, "இன்னைக்கு யாரு யாரு?" என்று கேட்பார். தங்கபுஷ்பம் சொல்வாள். அவர் கேட்காத பெயரை அவளும் சொல்ல மாட்டாள்.

அந்தப் பெயர் பெனிட்டா. ஒரே மகள். பம்பாயில் வேலை, கூட வேலை பார்த்தவனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டவள். கட்டிக்கொண்ட வருஷம், கிறிஸ்துமஸ் அன்று காலையில் புருஷனையும் கூட்டிக்கொண்டு கையில் கேக் பெட்டியோடு வந்து வாசல் கேட்டுக்கு வெளியே நின்றாள். ஞானதிரவியம் முன்வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. தங்கபுஷ்பம் சமையலறை நிலையில் நின்று, புருஷன் முகத்தைப் பார்த்தாள், மகள் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் புருஷன் முகத்தைப் பார்த்தாள். கூப்பிடாத வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைப்பதில்லை. பெற்ற வீடானாலும் அப்படித்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கேக் பெட்டியை மதில்மேல் வைத்துவிட்டு இருவரும் போனார்கள். பெட்டியில் எறும்பு மொய்த்தது. ஞானதிரவியமும் தங்கபுஷ்பமும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை, தூக்கி எறியவும் இல்லை.

ஊரே கூப்பிட்டவர்களெல்லாம் வந்துகொண்டிருந்தபோது, மகள் மட்டும் ஏன் வரவில்லை என்று தங்கபுஷ்பம் பல நாள் மனதுக்குள் புழுங்கினாள். பிறகு ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது, கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்க, அவளுக்கு விளங்கியது. கூப்பிட்டால்தானே வருவதற்கு? அவளை யாரும் கூப்பிடவே இல்லையே. உலகத்தில் உள்ள அத்தனை பேரோடும் மல்லுக்கட்டி அந்தச் சொல்லை விலைக்கு வாங்கி வைத்திருக்கிறாள், பெற்ற பிள்ளையிடம் அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நம்பர் ராஜமணியின் அண்ணனிடமிருந்து வாங்கியது. அவர் கடை இருந்த பம்பாய்ச் செம்பூரில்தான் மகளும் இருந்தாள்.

"நான்தான் மக்கா. அம்மா."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"ஒன்னக் கூப்பிடத்தான் போன் பண்ணினேன். நீ…"

"ம்மா, நில்லு!" பெனிட்டா கத்தினாள். "அந்த வார்த்தைய மட்டும் சொல்லிராத."

"ஏன் மக்கா?"

"நீ எடுத்து வச்சிருக்கிற பேரப்பத்தி இங்க எல்லாருக்கும் தெரியும். இங்க கடை வச்சிருந்த நம்மூரு அண்ணாச்சி, அடுப்புல பால வச்சது வச்சபடி, கல்லாவப் பூட்டாம, செருப்புகூடப் போடாம எந்திரிச்சுப் போயிட்டாரு. நடுரோட்டுல வச்சு அவரு பொண்டாட்டி கையப் பிடிச்சு இழுத்தாவ. காலு நிக்கமாட்டேங்குது, நான் என்ன செய்யன்னு அழுதுக்கிட்டே போனாராம். அந்த அக்கா எங்க வீட்டுல வந்துதான் படுத்துக் கெடக்காவ."

தங்கபுஷ்பத்துக்கு அந்தப் பாதங்கள் நினைவுக்கு வந்தன.

"இப்ப நீ கூப்பிட்டு நான் வந்தா, நானா வந்தேனா, அது இழுத்துக்கிட்டு வந்துச்சான்னு எனக்கே தெரியாதும்மா" என்றாள் மகள். அவள் குரல் இறங்கியிருந்தது. "வரணும்னா நான் வரணும். மாட்டேன்னா நான் நிக்கணும். அதக் கையவிட்டுட்டு, அப்பறம் கூப்பிடு."

"விட்டுட்டுக் கூப்பிட்டா வருவியா?"

"தெரியல. அது எனக்குத் தெரியாமத்தான் இருக்கணும்."

அன்று சாயந்திரம் தங்கபுஷ்பம் புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். "அன்னைக்கு என் நாக்குநுனி வரைக்கும் வந்துட்டு புஷ்பம்" என்றார். "சந்தையில அம்புட்டு சத்தம் போடுத எனக்கு, அந்த ஒரு எழுத்து வெளிய வரல."

"அந்தப் பேர ஏலத்துல போட்டிரவா?"

அவர் வெளியே பார்த்தார். பெஞ்சுகளில் ஆட்கள் இருந்தார்கள். வந்தவர்கள் அல்ல, வரவேண்டியவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். துபாயிலிருந்து மகனை எதிர்பார்த்து ஒருவர், ஓடிப்போன தங்கைக்காக ஒருத்தி, காணாமல்போன காராம்பசுவுக்காகக் கயிற்றோடு ஒரு கிழவர். விலாசம் தேடி இன்னும் எத்தனை பேர் வழியில் இருக்கிறார்களோ. "இவங்ககிட்ட என்னன்னு சொல்லுவ?" என்றார்.

மறுநாள் காலை பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று தங்கபுஷ்பம் விஷயத்தை உள்ளபடி சொன்னாள். செம்பூர் பால் அடுப்பைப் பற்றியும் சொன்னாள், கேக் பெட்டியைப் பற்றியும் சொன்னாள். துபாய்ப் பையனின் அப்பா கோபப்பட்டார். ஒன் மகளுக்காக எங்க பிள்ளைக வார வழிய அடைக்கியா என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ராஜமணி மட்டும், தன் அண்ணன் இரவில் தூக்கத்திலும் கால்களை ஆட்டிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். தலை குனிந்து சொன்னார்.

அப்போது கில்டா எழுந்தாள். மடியில் இருந்த கீரைக்காம்புகளை உதறிவிட்டு, தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்காகப் பாக்காத அக்கா" என்றாள். "அவ்வோ வரமாட்டாவ. கடலுல இருந்து படகு மட்டும் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். வீட்டுல இருந்தா செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும், இங்க வந்தா நாலு முகத்தப் பாக்கலாம், அதான் வந்தேன். நீ வித்தாலும் நான் வருவேன். எனக்கு ஒரு வாய் காப்பி தருவல்லா?"

தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். துபாய்ப் பையனின் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார். பிறகு, "எம் பையனும் செருப்பில்லாம வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். கயிற்றோடு இருந்த கிழவர் மட்டும், பசுவுக்குச் செருப்புக் கிடையாதே என்று முனகிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ஏலம் அடுத்த வாரம் முடிந்தது, பகல் நேரத்தில். ஞானதிரவியம் சந்தைக்குப் போகவில்லை. கிரைண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மனைவியோடு உட்கார்ந்தார். சமையலறை ஜன்னலில் பாதி ஊர் தொங்கியது. திரையில் எண் மாறுவதை மட்டும் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சும்மா இருப்பார்? அவரை அறியாமல் குரல் எழும்பியது. ஒரு தரம் என்றார், ரெண்டு தரம் என்றார், மூணாம் தரம் வாயில் வரும்போது எங்கோ எவனோ விலையை ஏற்ற, கடிகாரம் தள்ளிப் போக, மறுபடி முதலிலிருந்து ஒரு தரம் என்று தொடங்கினார். இப்படித் தொடங்கித் தொடங்கி, பெயரில்லாத அந்த மனிதர்களுக்கெல்லாம் ஜெர்மன்காரரே, சீனாக்காரரே, தாடி வச்ச அண்ணாச்சியே என்று தாமே பெயர் வைத்து, காய் நயத்தைச் சொல்வதுபோல் அந்தச் சொல்லின் நயத்தைச் சொல்லி, எளசு பாருங்க, நார் கிடையாது, பிள்ளைப் பேச்சுல முதல்ல வார சொல்லு பாருங்க, சண்டை போட்டவனும் சொல்லலாம், கடன் கொடுத்தவனும் சொல்லலாம், சொல்லாம வச்சிருந்தா முத்திப்போகும் சாமி முத்திப்போகும் என்று கூவி, குரல் உடைந்து, கண்ணீர் வழிய, யாரும் விலை ஏற்றாத ஒரு நொடியில் மூணு தரம் என்று முடித்தார். ஜன்னலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

வாங்கியது யார் என்று தெரியவில்லை. எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒரு பெயர். அந்த ஆளின் மொழியில் அந்த மூன்றெழுத்துக்கு அர்த்தமே இருக்கக் கூடாது என்று தங்கபுஷ்பம் வேண்டிக்கொண்டாள்.

அந்த நிமிடத்தில் பேருந்து நிலையத்தில் இறங்கிய இரண்டு பேர் எதற்கு வந்தோம் என்று மறந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ராஜமணியின் அண்ணன் தன் கால்களைத் தூக்கிப் பார்த்தார், விரல்களை மடக்கினார், நீட்டினார். தம்பியின் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தார். பெண்டாட்டிக்குப் போன் போட்டு அழுதார். டிக்கெட் எடுக்கவா என்று தம்பி கேட்டதற்கு, "ஞாயித்துக்கிழமை போறேன். ரெண்டு நாளு நானா இருந்துக்கிடுதேன்" என்றார்.

ஊர் கலைந்த பிறகு ஞானதிரவியம் போனைத் தானே வாங்கினார். கூவிக் கூவித் தொண்டை கட்டியிருந்தது. பெனிட்டா ஹலோ என்றதும் தங்கபுஷ்பம் அவர் முதுகில் கை வைத்தாள்.

"வா மக்கா" என்றார். காற்றுதான் அதிகம் வந்தது. "மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"இந்த மாசம் முடியாதுப்பா" என்றாள் மகள். "லீவு கெடையாது. அவருக்கும் ஆபீசுல ஆடிட்டு. பாத்துட்டுச் சொல்லுதேன்."

"சரி மக்கா, சரி" என்றார் ஞானதிரவியம். போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "முடியாதுங்கா" என்றார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. தங்கபுஷ்பத்துக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் அவளும் சிரித்துவிட்டாள். இத்தனை நாளாய் அந்த வாசலுக்கு வந்த ஒருவர்கூட முடியாது என்று சொன்னதில்லை.

அந்த மாதம் போனது, அடுத்ததும் போனது. இடையில் ஒரு தேதி சொல்லி, அதையும் மாற்றினாள். தங்கபுஷ்பம் வாங்கிவைத்த மாம்பழம் அழுகியது. இனி வரமாட்டாளோ என்று ஓர் இரவு புருஷனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விழித்துக் கிடந்தார்கள். பள்ளிகளுக்கு லீவு விட்ட பிறகு ஒருநாள், நாளைக் காலை வண்டி என்று தகவல் வந்தது. ஞானதிரவியம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு விடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் போனார். வருகிற வண்டியிலெல்லாம் ஏறிப் பார்த்து இறங்கினார். வெயில் ஏறியது. சட்டை நனைந்தது. கடைசியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் பெனிட்டா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். நாகர்கோவிலில் ரயில் இறங்கி கார் பிடித்து வேறு வழியாக வந்திருந்தார்கள். மருமகன் கூச்சத்தோடு கில்டாவிடம் காப்பி டம்ளரை வாங்கிக்கொண்டிருந்தான். தங்கபுஷ்பம் அடுப்படியில் திரும்பி நின்று, வேண்டுமென்றே பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவினாள்.

ஞானதிரவியம் நிலைப்படியில் நின்றார். மகள் நிமிர்ந்து பார்த்தாள். வாயில் இட்லி இருந்தது.

வந்து, உட்கார்ந்து, பாதிச் சாப்பாடும் முடித்துவிட்ட பிள்ளையைப் பார்த்து அவர், "வா" என்றார்.

"வந்துட்டேம்ப்பா" என்றாள் பெனிட்டா.

"வா" என்றார் மறுபடியும்.